துளசிமணி சொன்ன சாட்சி

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க. எனக்கு இந்த ஓரம் போதும். இங்க இருந்தா முன்னாடி நல்லாத் தெரியும், அதுக்குத்தான்.

அதோ, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. கத்திரிப்பூக் கலர் சேல, மடில துணிப்பை. தெரியுதுங்களா? எந்தங்கச்சி. துளசிமணின்னு பேரு. எனக்குக் கூடப்பொறந்த பொறப்பு அவ ஒருத்திதான். காந்திபுரத்துல ஒரே பஸ்ஸுல ஏறுனோம், அவ முன்வாசல்ல ஏறுனா, நான் பின்வாசல்ல ஏறுனேன். பேச்சு இல்லீங்க. இன்னைக்கு லேபர் ஆபீசுல, அதிகாரி முன்னாடி, என்னயப் பத்தி ஒரு பொய் சொல்லிட்டா. வாய் கூசாமச் சொன்னா. அவளுக்கு நான் என்னென்ன பண்ணிருக்கேன்னு ஊருக்கே தெரியும். நீங்க எங்க எறங்கறீங்க? திருப்பூர் ஸ்டாண்டுங்களா. அப்ப நேரம் இருக்குது.

எம்பேரு குழந்தைவேலு. சாயப்பட்டறைல எலக்ட்ரீசியன். இப்ப இன்சார்ஜ் ஆக்கிட்டாங்க. இருவத்திரண்டு வருசமா ஒரே கேட்டுக்குள்ள போயிட்டு வர்றேன். கம்பெனி பேரு மாறிருச்சு, மொதலாளி மாறிட்டாரு, சுவத்துல பெயிண்டு கூட மாறிருச்சு, நான் மட்டும் அப்படியே இருக்கேன். பழைய மொதலாளி தங்கமான மனுசனுங்க. ஒரு நாள் வாடா போடான்னு கூப்பிட்டது கெடையாது. 'குழந்தைவேலு, நீ இருக்கற வரைக்கும் எனக்குக் கரண்டப் பத்திக் கவலை இல்லப்பா'ம்பாரு. தீபாவளிக்கு ஸ்வீட்டு பாக்ஸ் அவரு கையால எனக்குத்தான் மொதல்ல. மத்தவியளுக்கு மேனேஜர் குடுப்பாரு.

தங்கச்சி வீட்டுக்காரரு நாச்சிமுத்து அங்கயே டையிங் மாஸ்டர். நாந்தான் அவரக் கம்பெனில சேத்துவுட்டேன், பொறவு நாந்தான் தங்கச்சியவும் கட்டிக் குடுத்தேன். ரெண்டுமே நான் பண்ணது. அவியளுக்கு ஒரே பொண்ணு, பள்ளிக்கூடம் போறா. மாப்பள கை ராசியான கை. துணி வாங்கற பையர் அனுப்பற சின்னத் துண்டத் துணியப் பாத்தாப் போதும், அந்தக் கலர அப்படியே எறக்கிருவாரு. அவரு கையப் பாத்தே இன்னைக்கு என்ன லாட்டு ஓடுச்சுன்னு துளசி சொல்லுவா. மெரூன் ஓடுனா நகக்கண்ணெல்லாம் மெரூனு, பச்சை ஓடுனாப் பச்சை. 'இந்தக் கையோட சோத்துல கை வெக்காதீங்க'ன்னு சத்தம் போட்டுட்டு, அவளே பெசஞ்சு உருண்டை புடிச்சுக் குடுப்பா. நான் இருந்தா வெக்கப்பட்டுக்கிட்டு ஸ்பூன் எடுத்துக் குடுப்பா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு.

மூணு வருசம் ஆச்சுங்க. ஐப்பசி மாசம். அந்த வருசம் மழைன்னா அப்படி ஒரு மழை. பட்டறைல எப்பவுமே தரை ஈரந்தான், மழை வந்தாச் சுவரு கூட நமுத்துப் போயிரும். டிரிப்பர்னு ஒண்ணு இருக்குது, தெரியுங்களா? எங்கயாச்சும் கரண்டு கசிஞ்சா டப்புனு லைன அறுத்துவுட்டுரும். உசுரக் காப்பாத்தற சாமான். ஆனா மழைக்காலத்துல அது சும்மா சும்மா விழும். அரை மணிக்கு ஒருக்கா மிசின் நின்னு நின்னு ஓடுனாத் துணி திட்டுத்திட்டா ஆயிரும். ஒரு லாட்டு போச்சுன்னா ஆர்டரே போச்சு. அதனால மழை வந்தா டைரக்ட் குடுத்துருவாங்க. டிரிப்பர ஒதுக்கிட்டு லைன நேரா இழுத்துக்கறது. எல்லாப் பட்டறைலயும் இருக்கறதுதானுங்க. யாரு குடுத்தாங்க, எப்பக் குடுத்தாங்கன்னு கேட்டா என்னத்தச் சொல்றது. குடுத்திருந்துச்சு. மழை நின்னா மறுபடி மாத்திக்கலாம்னு இருந்துச்சு.

அன்னைக்குக் காலைல ஒரு பதினோரு மணி இருக்கும். நேவி புளூ லாட்டு. துணி புழியற மிசின ஹைட்ரோன்னு சொல்லுவோம், அதோட மூடியத் தூக்கறதுக்கு மாப்பள ஈரக் கையோட புடிச்சாரு. அவ்வளவுதானுங்க. நான் பேனல் ரூமுல இருந்தேன். அவருகூட வேலை செஞ்ச ஒடிசாக்காரங்க ரெண்டு பேரு கத்துன கத்துல மெயின எறக்கிட்டு ஓடி வந்தேன். டிரிப்பர் இருந்திருந்தா நான் ஓடி வர வேண்டிய வேலையே இல்ல. அது வேற விசயம்.

கம்பெனி வேன்ல போட்டு, அந்த ஒடிசாக்காரங்கள்ல ஒருத்தன் ஓட்ட, ஆஸ்பத்திரிக்குத்தான் கெளம்புனோம். அவரத் தூக்கிட்டு நான் பின்னால உக்காந்தேன். பாதி வழில மூச்சு அடங்கிருச்சு. அப்ப மொதலாளிகிட்டருந்து போன். அடங்கிருச்சுங்கன்னு சொன்னேன். பொறவு சொன்னாரு, குழந்தைவேலு, வண்டிய ஓரங்கட்டச் சொல்லு, நான் சொல்றத நெதானமாக் கேளுன்னு.

அவரு சொன்னது இதுதானுங்க. கம்பெனிக்குள்ள செத்தாருன்னு தெரிஞ்சா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவாரு. வந்தா மொதல்ல டிரிப்பரத்தான் பாப்பாரு. டைரக்ட் குடுத்திருக்குன்னா, பாதுகாப்பக் கழட்டி வெச்சுட்டு வேலை செஞ்ச ஆளுக்கு அஞ்சு பைசா நஷ்டஈடு கெடையாதுன்னு சட்டம் சொல்லுதாம். துளசிக்கு ஒண்ணும் வராது, கம்பெனியையும் மூடிருவாங்க, உன்னயத்தான் மொதல்ல புடிச்சு உள்ள வெப்பாங்கன்னாரு. வீட்டுல தண்ணி மோட்டார் போடப் போனப்ப கரண்டு அடிச்சுதுன்னு சொல்லிரு, துளசிக்கும் அந்தப் புள்ளைக்கும் கடைசி வரைக்கும் நானாச்சுன்னாரு. சொல்றப்ப அவரு அழுதுட்டாரு. நடிப்பில்லீங்க அது. எனக்குத் தெரியும்.

நான் என்ன தப்பு பண்ணேன் சொல்லுங்க. தங்கச்சிக்கு வர்றது வராமப் போயிரக் கூடாதுன்னுதான வண்டியத் திருப்பச் சொன்னேன்.

பதினோரு மணிக்கு நாங்க குடியிருக்கற லைன் வீடுகள்ல யாரும் இருக்க மாட்டாங்க, எல்லாரும் கம்பெனிக்குப் போயிருவாங்க. துளசி மட்டும் தொவைச்சுக்கிட்டு இருந்தா. தூக்கிட்டு உள்ள போனோம். அவ மொகத்த நான் சொல்ல மாட்டேனுங்க, அத வுட்டுருங்க. சத்தம் போடாத கண்ணு, கொஞ்ச நேரம் மட்டும் சத்தம் போடாதன்னு சொன்னேன். அவ போடல. சின்னதுலருந்தே சொன்ன பேச்சக் கேக்கற புள்ள.

மோட்டார்கிட்ட அவரப் படுக்க வெச்சோம். தரைல தண்ணி ஊத்துனோம். அப்பத்தான் பாக்கறேன், ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் நேவி புளூ. அப்பத்தான் முக்கி எடுத்த மாதிரி, ஈரம் கூடக் காயல. போலீஸ்காரன் பாத்தா இந்த ஆளு வேலைல இருந்தவன்னு கண்டுபுடிச்சுருவானேன்னு வேனுக்கு ஓடுனேன். வேன்ல ஹைட்ரோஸ் பவுடர் ஒரு பை கெடந்துச்சு. சாயத்த உரிக்கற பவுடருங்க அது, கலர் தப்பாப் போன துணிய வெள்ளையாக்கறதுக்கு. சுடுதண்ணி வெக்கச் சொன்னேன். வெச்சா. பக்கெட்டுல பவுடரக் கரைச்சேன். அந்த நாத்தம் இருக்குதே, அழுகின முட்டை மாதிரி வரும். நான் ஒரு கையப் புடிச்சுக் கழுவறேன், அவ ஒரு கையப் புடிச்சுக் கழுவறா. ஒவ்வொரு வெரலா, நகக்கண்ணு வரைக்கும் தேச்சா. பன்னண்டு வருசத்துல அவரு கைய அவ அவ்வளவு வெள்ளையாப் பாத்ததே இல்லீங்க. கடைசில அந்தக் கையப் புடிச்சுக்கிட்டு, 'இது அவரு கை மாதிரியே இல்லீங்கண்ணா'ன்னா.

இப்ப யோசிச்சா எனக்கே சிரிப்பா வருது. சிரிப்புன்னா சிரிப்பு இல்ல. சாயக்காரன் கைல சாயம் இருந்தா எவன் சந்தேகப்படுவான்? லீவு நாள்லயும் அவன் கை அப்படித்தான இருக்கும். அது அன்னைக்குத் தோணலீங்க. பட்டறைல எது தப்பாப் போனாலும் ஹைட்ரோஸப் போட்டு உரிச்சுட்டு மறுபடி ஆரம்பிப்போம், அந்தப் பழக்கத்துல புத்தி அப்படிப் போயிருச்சு.

பொறவுதான் அழுகச் சொன்னேன். 108க்கு நானே போன் பண்ணேன். ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் நாந்தான் எழுதிக் குடுத்தேன். அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் கம்பெனில லீவுன்னு ரிஜிஸ்டர்ல மாத்திட்டாங்க. எல்லாம் சுத்தமா முடிஞ்சுது.

மொதலாளியும் சொன்ன வாக்குல நின்னாருங்க. நிக்கலைன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போயிரும். பதினாறாம் நாளு வீட்டுக்கு வந்து ரெண்டு லட்சம் குடுத்தாரு. துளசிக்குத் துணியச் சரிபாக்கற செக்கிங்குல வேலை குடுத்தாரு. மாசாமாசம் புள்ள படிப்புக்குன்னு ஒரு கவரு வரும், நாந்தான் வாங்கிட்டுப் போயிக் குடுப்பேன். ஒரு வருசம் வந்துச்சு. பொறவு கம்பெனிக்கே மூச்சு முட்டிருச்சு. வெளிநாட்டுப் பையர் ஒருத்தன் கைய விரிச்சுட்டான், பேங்குக்காரன் கோர்ட்டுக்குப் போயிட்டான். திவாலுன்னு ஒரே வார்த்தைல சொல்லிப்புட்டாங்க. கோர்ட்டு போட்ட ஆளு ஒருத்தரு மெட்ராஸ்லருந்து வந்து மொதலாளி ரூமுல உக்காந்துட்டாரு. மொதலாளி அவரு ரூமுக்கே கதவத் தட்டிட்டுப் போறாரு. அதப் பாத்துட்டு நான் பேனல் ரூமுல போயி அழுதேனுங்க.

கேட்டுல நோட்டீசு ஒட்டுனாங்க. யாருக்கெல்லாம் கம்பெனி பாக்கி இருக்குதோ, இந்தத் தேதிக்குள்ள பாரத்துல எழுதிக் குடுக்கோணும்னு. அந்த நோட்டீச ஏணி போட்டு ஒட்டுனது நாந்தான். சம்பளப் பாக்கிக்கு எல்லாரும் எழுதிக் குடுத்தோம், துளசியும் குடுத்தா. குடுத்துட்டு எங்கிட்ட வந்து கேட்டா, அண்ணா, அவரு செத்ததுக்கும் சேத்து எழுதலாங்களான்னு. மொதலாளிகிட்டக் கேட்டேன். அத மட்டும் எழுத வேண்டாம் குழந்தைவேலு, பழசெல்லாம் கெளறுன மாதிரி ஆயிரும், நான் எந்திரிச்சு வந்தா அவளுக்குத்தான் மொதல்ல செய்வேன்னாரு. நொடிஞ்சு போன மனுசன் மேல கேசு போடற மாதிரி எப்படிங்க எழுதறது? வேண்டாம் கண்ணுன்னு சொன்னேன். அதுக்கும் சரீன்னா. தேதி போயிருச்சு.

வேற கம்பெனிக்காரங்க பட்டறைய எடுத்துட்டாங்க. பழைய ஆளுகள்ல இருவது பேர மட்டும் வெச்சுக்கிட்டாங்க, நான் அதுல ஒருத்தன். துளசிய வெச்சுக்கல. பழைய மொதலாளி இப்பக் கோயமுத்தூர்ல மகன் கம்பெனியப் பாத்துக்கறாரு. போன் பண்ணா எடுக்கறதில்ல. அவருக்கும் ஆயிரம் கஷ்டம் இருக்கும்.

இதுக்கு நடுவுல எவளோ சொல்லி துளசி ஒரு வக்கீலம்மாவப் போயிப் பாத்துட்டா. எங்கிட்டக் கேக்காமப் பண்ண மொத காரியம். பிரமிளான்னு பேரு. நெறையப் பேசாது, கேட்டுக்கிட்டே இருக்கும். நான் ஒருநாள் கூடப் போனேன், எனக்கும் தெரியட்டும்னு. அந்தம்மா சொன்னதக் கேளுங்க. புதுசா எடுத்தவங்ககிட்ட ஒண்ணும் கேக்க முடியாதாம். பட்டியல்ல எழுதாத பாக்கி எதுவும் அவிய தலைல ஏறாதாம், அது அத்தோட அழிஞ்ச மாதிரியாம். அந்தத் தேதிக்குள்ள எழுதிக் குடுத்திருந்தா ஏதோ கொஞ்சமாச்சும் வந்திருக்கும், ஏன் குடுக்கலைன்னு கேட்டுது. துளசி எம்மூஞ்சியப் பாத்தா. நான் காலண்டரப் பாத்தேன்.

ஆனா ஒரு கதவு இருக்குதுன்னுச்சு. மாப்பள சம்பளம் ஈஎஸ்ஐ வரம்பத் தாண்டுன சம்பளம். அந்த மாதிரி ஆளுகளுக்குன்னு கம்பெனி தனியா இன்சூரன்ஸ் எடுத்து வெச்சிருந்துச்சாம். மொதலாளி திவாலாயிட்டா, அந்த இன்சூரன்ஸ் மேல அவருக்கு இருந்த உரிமை செத்தவங்க குடும்பத்துக்கு வந்துருமாம். சட்டத்துலயே இருக்குதாம். கம்பெனி போனாலும் அது போகாது, புள்ள காலேஜ் முடிக்கற வரைக்கும் கவலை இல்லாத அளவுக்கு வரும்னுச்சு.

நான் கேட்டேன், டிரிப்பர டைரக்ட் குடுத்திருந்தா ஒண்ணும் கெடைக்காதாமேங்கன்னு. அந்தம்மா பேனாவக் கீழ வெச்சுட்டு என்னய ஒரு பார்வை பாத்துச்சு. சொன்னுச்சு, யாருங்க உங்களுக்கு அப்படிச் சொன்னது, செத்துப் போயிருந்தா அந்தக் காரணமெல்லாம் எடுபடாது, அவரே கழட்டி வெச்சிருந்தாக் கூடக் குடும்பத்துக்குக் குடுத்தே ஆகோணும்னு. அன்னைக்கே கம்பெனில நடந்ததுன்னு உண்மையச் சொல்லிருந்தா ஆறு மாசத்துல பணம் வாங்கிருக்கலாமாம்.

மொதலாளிக்கு அது தெரிஞ்சிருக்காதுங்க. அவரு என்ன வக்கீலுக்கா படிச்சாரு?

இப்ப வேண்டியதெல்லாம் ஒண்ணே ஒண்ணு, கம்பெனிக்குள்ளதான் செத்தாருன்னு கண்ணால பாத்த ஒருத்தரு வந்து சொல்லோணும்னுச்சு வக்கீலம்மா. ஒடிசாக்காரங்க ரெண்டு பேரும் எப்பவோ ஊருக்குப் போயிட்டாங்க. மிச்சம் நாந்தான். போலீசுக்குப் பொய் எழுதிக் குடுத்ததுக்கு உங்க மேல கேசு வரலாம், வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, யோசிச்சுச் சொல்லுங்கன்னுச்சு. நான் யோசிக்கவே இல்லீங்க. தங்கச்சிக்குச் செய்யாம யாருக்குச் செய்யறது, வர்றேன்னு அங்கயே சொன்னேன். துளசி அன்னைக்கு எங்களுக்கு ரெண்டு காப்பி வாங்கிட்டு வந்தா. மூணு வருசத்துல அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன்.

எம்மக காவ்யாவுக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சிருக்குது. மண்டபம் புடிச்சாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. இருந்தாலும் வர்றேன்னேன்.

இன்னைக்குத்தான் வாய்தா. நல்ல சட்டையாப் போட்டுட்டு வந்தேன் பாருங்க. மொதல்ல துளசியக் கூப்பிட்டாங்க. சாட்சி சொல்ல வேண்டிய ஆளு உள்ள இருக்கக் கூடாதாம், என்னய வெளிய பெஞ்சுல உக்கார வெச்சாங்க. கதவு பாதி தொறந்து கெடந்துச்சு, ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுது. அவளுந் தெளிவாத்தான் சொன்னா. காலைலருந்து நேவி புளூ ஓட்டுனாரு, கம்பெனில கரண்டு அடிச்சுது, வேன்ல வீட்டுக்குக் கொண்டு வந்தாங்கன்னா. பொறவு இன்சூரன்ஸ்காரங்க வக்கீலு எந்திரிச்சாரு. சின்ன வயசு, நல்ல மரியாதையான பேச்சு, அம்மா அம்மான்னுதான் கேட்டாரு.

கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி. அம்மா, அன்னைக்குக் காலைல இருந்து உங்க வீட்டுக்காரரு நேவி புளூ சாயம் போட்டாருன்னு சொல்றீங்க. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டுல ரெண்டு கையும் சுத்தமா, வெளுத்து இருந்துதுன்னு டாக்டர் எழுதிருக்காரு. நகத்துல கூடக் கறை இல்ல. வேலைல இருந்த மனுசன் கை அப்படி இருக்குமாம்மான்னு.

அதிகாரி சொல்லும்மான்னாரு. 'நாந்தான் கழுவுனேன்'னு அவ சொல்லப் போனா, யாரு கழுவச் சொன்னதுன்னு வரும். அது எனக்கு வெளிய உக்காந்தே தெரிஞ்சுது.

அப்பறம் அந்த வக்கீலு மெதுவாச் சொன்னாரு. அம்மா, உங்கண்ணனத்தான் அடுத்த சாட்சியாப் போட்டிருக்கீங்க, கம்பெனி எலக்ட்ரீசியனும் அவருதான், போலீசுக்கு எழுதிக் குடுத்ததும் அவருதான். அவரு உள்ள வந்து, நான் அங்க இருந்தேன், டிரிப்பர டைரக்ட் குடுத்தேன், பொணத்த மாத்தி வெச்சேன், போலீசுக்குப் பொய் எழுதுனேன்னு சொன்னாருன்னா நாளைக்கே நாங்க ஸ்டேஷனுக்கு எழுதிக் குடுப்போம், அவரு வீட்டுக்குப் போக மாட்டாரு. அதையும் யோசிச்சுட்டு நீங்களே சொல்லுங்க, அன்னைக்கு உங்கண்ணன் அங்க இருந்தாரான்னு.

ஆமாங்க, டைரக்ட் குடுத்தது நாந்தான். வேற யாரு குடுப்பா, எலக்ட்ரீசியன் நானு. குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன்.

துளசி சொன்னா. 'எங்கண்ணன் அன்னைக்கு லீவுங்க. அவரு அங்க இல்ல. அவருக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுங்க.'

கேட்டீங்களா? நான் அங்க இல்லையாம். எனக்கு ஒண்ணுமே தெரியாதாம். அவளுக்காக அத்தனை ஓடுனவன் நானு, எல்லாத்தையும் விட்டுட்டுச் சாட்சி சொல்ல நல்ல சட்டை போட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன், ஒரு வார்த்தைல என்னய வெளிய தள்ளிட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா அவ?

அடுத்தது என்னயக் கூப்பிட்டாங்க. போனேன். அவ சுவத்தோரம் நின்னுட்டிருந்தா. அந்த வக்கீலு ஒரே கேள்விதான் கேட்டாரு. உங்க தங்கச்சி நீங்க அங்க இல்லைன்னு சொல்லிருக்காங்க, அது சரிங்களான்னு. வக்கீலம்மா என்னயப் பாத்துச்சு. அதிகாரி பாத்தாரு. துளசியும் பாத்தா. அவ பாத்த பார்வை எனக்கு வெளங்கலீங்க. வேண்டாம்ங்கற மாதிரியும் இருந்துச்சு, அண்ணா சொல்லுங்கண்ணாங்கற மாதிரியும் இருந்துச்சு. சின்னதுல கிணத்துல நான் எறங்கறப்ப மேல நின்னு அப்படித்தான் பாப்பா.

நான் என்னங்க சொல்ல முடியும்? கூடப்பொறந்தவ ஒண்ணு சொல்லிட்டா. நான் போயி அது பொய்யுங்கன்னு சொன்னா, அத்தனை பேரு முன்னாடி அவ பொய் சொல்றவன்னு ஆகாதா? பொம்பளைப் புள்ளைய ஆபீசுல வெச்சுத் தலைகுனிய வெக்கலாமா? அத நெனச்சுத்தான், 'ஆமாங்க, நான் அங்க இல்லீங்க'ன்னு சொல்லிட்டேன். அத எழுதி, படிச்சுக் காமிச்சு, கையெழுத்து வாங்கிட்டாங்க.

துளசி தலையக் கீழ போட்டுட்டா. வக்கீலம்மா ஃபைல மூடி நாடாவக் கட்டிருச்சு. அடுத்த மாசம் உத்தரவு வருமாம். இனி வந்தா என்ன, வராட்டி என்ன, சாட்சியே இல்லாத கேசுன்னு மாடிப்படில வெச்சு அந்தம்மா சொன்னுச்சு. என்னயத் திட்டல. திட்டிருந்தாத் தேவலை. துளசி எங்கிட்ட வந்து, சாப்டீங்களாண்ணான்னு ஒரு வார்த்தை கேட்டா. குத்தலாத்தான் கேட்டிருப்பான்னு நான் பதிலே சொல்லல. மத்தியானம் வரைக்கும் நான் பச்சத்தண்ணி கூடக் குடிக்கல, அது அவளுக்குத் தெரியும்.

பூண்டி வந்துருச்சு. எந்திரிச்சுட்டா பாருங்க. பையத் தோள்ல போட்டுட்டா. எறங்கறா. இல்ல, திரும்பிப் பாக்க மாட்டா.

எங்க வீடும் இதே ஸ்டாப்புதானுங்க. அவ வீட்டுக்கு நாலாவது வீடு. பரவால்ல, வண்டி போகட்டும். நான் உங்ககூட ஸ்டாண்டுக்கு வந்துட்டு வேற வண்டி புடிச்சுத் திரும்பிக்கறேன்.

ஒண்ணு மட்டும் சொல்லீர்றேன், யாருகிட்டயும் சொல்லாதது. வேன்ல மாப்பள தலை எம்மடிலதான் இருந்துச்சு. அடங்கறதுக்கு முன்னாடி கண்ணு முழிச்சாரு. நல்லாத் தெளிவாவே பேசுனாரு. 'மச்சான், இன்னைக்கு பாப்பாவ ஸ்கூல்லருந்து நாந்தான் கூட்டியாரேன்னு சொல்லிருந்தேன், நாலு மணிக்கு. துளசியப் போகச் சொல்லீருங்க'ன்னாரு. அவ்வளவுதான். நான் அதச் சொல்லலீங்க. கை கழுவறதுலயும் போலீசுலயும் மறந்தே போயிட்டேன். அந்தப் புள்ள ஆறு மணி வரைக்கும் ஸ்கூல் கேட்டுல நின்னிருக்குது, அப்பா வருவாரு வருவாருன்னு வாச்மேன்கிட்டச் சொல்லிக்கிட்டே.

இந்த மூணு வருசத்துல துளசி எங்கிட்ட நாலஞ்சு தடவை கேட்டிருப்பா, கடைசியா அவரு என்னமாச்சும் சொன்னாராண்ணான்னு. வேன்ல நடந்ததப் பத்தி யாருகிட்டயும் வாயத் தொறக்காதன்னு மொதலாளி சொல்லிருந்தாரு, அதனால இல்ல கண்ணு, ஒண்ணும் பேசலைன்னுட்டேன். இன்னைக்குச் சாட்சி சொல்லி முடிச்சுட்டு வர்றப்ப, பஸ்ஸுல பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லீரோணும்னு காலைலயே நெனச்சுட்டுத்தான் கெளம்புனேன்.

இனி எப்படிங்க சொல்றது? நான்தான் அங்க இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டனே.